சம்பளத்தோடு ஒரு நோம்பி

(பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களும் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து கோவை வட்டாரக் கிராமம் ஒன்றில் நடத்திய கோடை விழாவில், மூத்த தொழிற்சங்க ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



குழந்தைகளுக்கு முதலில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். வெயில் தாழ்வதற்குள் என் பேச்சு முடிந்துவிடும். ராட்டினக்காரர் அதுவரை ராட்டினத்தைச் சுற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நான் பேசுகிற ஒவ்வொரு நிமிஷமும் உங்கள் கணக்கில்தான் கழிகிறது என்பது எனக்குத் தெரியும்.

இந்த விழாவுக்கு நாங்கள் வீடு வீடாக வசூலுக்குப் போனோம். ஆலை ஷிப்டு முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தோழர் பத்து ரூபாய்த் தாளைக் கையில் எடுத்தார், கொடுக்கவில்லை. "போனசுக்கும் பஞ்சப்படிக்கும் நோட்டீஸ் அடிக்கிற சங்கம் பலூனுக்கும் ராட்டினத்துக்கும் எதுக்குங்க வசூல் பண்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் கடைசியில் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் அவருடைய கேள்விக்கு நாங்கள் அங்கே பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

என் தாயார் ஒரு பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் வேலை செய்தார்கள். பங்குனியில் மாரியம்மன் நோம்பி சாட்டினால் எங்கள் வீட்டில் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் நடக்கும். பிள்ளைகள் நாங்கள் புதுச் சட்டையைப் பற்றிப் பேசுவோம். அம்மாவும் அப்பாவும் எத்தனை நாள் கூலி போகும் என்று பேசுவார்கள். மாவிளக்கு எடுக்க ஒரு நாள், கிடாய் வெட்டுக்கு வரும் சொந்தபந்தத்துக்குச் சமைக்க ஒரு நாள், மஞ்சள் நீராட்டுக்கு ஒரு நாள். ஆலைச் சங்கு ஊதும்போது அம்மா வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கோலம் போடுவார்கள். அடுத்த சம்பள நாளில் கவர் மெலிந்து வரும். நோம்பியின் இனிப்பு தீர்ந்து ஒரு மாதம் கழித்து அதன் கசப்பு வரும். அந்த ஊரில் அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன், நோம்பி என்றால் கடன் என்று அர்த்தம் போலிருக்கிறது என்று.

நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று ரொம்பக் காலம் பெருமையாகச் சொன்னார்கள். ஆலை முதலாளிகளுக்கு அந்தப் பெயர் நிரம்பப் பிடிக்கும். சரி, அந்த மான்செஸ்டர் நகரத்தைச் சுற்றியிருந்த லங்காஷயர் சீமையில் நூல் நூற்ற தொழிலாளி கோடைகாலத்தில் என்ன செய்தான்? அதை நம்மிடம் யாரும் சொன்னதில்லை.

அங்கேயும் நம்மைப் போலவே ஊருக்கு ஊர் நோம்பி இருந்தது. அதற்கு 'வேக்ஸ்' என்று பெயர். கண் விழித்தல் என்று பொருள். ஊர் மாதா கோயில் எந்தப் புனிதர் பெயரில் இருக்கிறதோ அவருடைய திருநாளுக்கு முதல்நாள் இரவு ஜனங்கள் கோயிலில் கண் விழித்திருப்பார்கள். மறுநாள் சந்தை, கூத்து, குத்துச்சண்டை, சாராயம். பல ஊர்களில் கோரைப் புல்லை ஒரு வண்டியில் கோபுரம் போல அடுக்குவார்கள். கோயில் தரையில் பரப்புவதற்கான புல் அது. அந்த வண்டிக்கு மாடு பூட்டுவதில்லை. ஊர் வாலிபர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருத் தெருவாக வருவார்கள். கேட்கும்போது நம் தேர் ஞாபகம் வருகிறதா இல்லையா? சேடல்வொர்த் என்ற பகுதியில் விட்டுப்போயிருந்த அந்தக் கோரை வண்டியை 1975-இல் மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் இழுத்து வருகிறார்கள்.

அப்புறம் நீராவி வந்தது, ஆலை வந்தது. முதலாளிக்கு இந்த நோம்பி கண்ணில் விழுந்த தூசி. விழித்திருக்கும் நேரமெல்லாம் கதிர் சுற்ற வேண்டும் என்பது அவன் சட்டம். அபராதம் போட்டார்கள், சீட்டைக் கிழித்தார்கள், குடிகாரக் கும்பல் என்று ஏசினார்கள். நடந்தது என்ன? நோம்பி நாளில் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. கார்டிங்கில் ஆள் இல்லாவிட்டால் ஸ்பின்னிங்கில் ஆள் இருந்து என்ன பயன்? பாதி ஆளை வைத்துக் கொதிகலனுக்கு முழு நிலக்கரி போட முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் அவனே கணக்குப் போட்டான். ஊருக்கு ஒரு வாரம் எல்லா ஆலையையும் ஒன்றாக மூடிவிடுவோம், கொதிகலனைச் சுத்தம் செய்வோம், இயந்திரத்தைப் பழுது பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டான். கருணையால் கொடுத்ததல்ல, ஆயிரக்கணக்கான பேர் ஒரே நாளில் வராமல் நின்றதால் வந்தது. ஒருவர் மட்டும் நின்றிருந்தால் அது 'ஆப்சென்ட்'. ஊரே நின்றபோது அது விடுமுறை ஆயிற்று.

ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு வாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மாறி மாறி வரும். அந்த வாரத்தில் புகைபோக்கிகள் புகையை நிறுத்தும். வருஷமெல்லாம் கரி படிந்த வானம் தெளியும். ஊருக்கு அப்பால் மலை இருப்பது அப்போதுதான் குழந்தைகள் கண்ணுக்குத் தெரியும். 1846-இல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்கு ரயில் பாதை போட்டார்கள். அதற்குப் பிறகு வேக்ஸ் வாரம் கடலுக்குப் போகிற வாரமாகிவிட்டது. ஒரு தெருவே புறப்பட்டுப் போகும். ஆலையில் பக்கத்துத் தறியில் நிற்கிறவள், கடற்கரையிலும் பக்கத்து அறையில் தங்கியிருப்பாள். 1894-இல் அங்கே ஐந்நூறு அடிக்கு மேல் உயரமாக ஓர் இரும்புக் கோபுரம் கட்டினார்கள். தொழிலாளி குடும்பங்கள் கொண்டுவந்த சில்லறைக் காசை நம்பித்தான் அவ்வளவு பெரிய கோபுரம் எழுந்தது! தங்கும் விடுதிகளில் ஒரு வேடிக்கையான வழக்கம். அரிசி பருப்பு நாம் வாங்கிக் கொடுப்பது போல, இறைச்சியும் உருளைக்கிழங்கும் இவர்களே வாங்கிக் கொடுப்பார்கள். விடுதிக்காரம்மா சமைத்துப் போடுவாள். மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் தனியாகக் காசு வாங்கிய விடுதிகள் உண்டு. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆலைப் பெண்ணுக்கு அடுப்பிலிருந்து ஒரு வாரம் விடுதலை கிடைத்தது. ஆனால் அந்த அடுப்பு இன்னொரு பெண்ணின் தலையில் ஏறியது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

"லங்காஷயர்த் துணிதானே நம் நெசவாளியின் தறியை நிறுத்தியது? அவர்கள் கடலில் குளித்த கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். துணி வந்து தறி நின்றது உண்மை. லாபம் எங்கே போனது? நூற்றவள் வீட்டுக்குப் போகவில்லை. 1931 செப்டம்பரில் காந்தி லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது லங்காஷயரில் டார்வென் பக்கம் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் கூடியிருந்த நேரம். கல் எறிவார்களோ என்று பயந்தவர்கள் உண்டு. ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தார்கள். அந்தப் படத்தை இப்போதும் பார்க்கலாம். பசியை அறிந்தவர்கள் பசியின் நியாயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த ஒரு வாரம் ஆலை மூடியிருந்தது. சம்பளம் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை! ஒரு சல்லிக் காசு கிடையாது. விடுமுறை என்று பெயர். கணக்கில் அது வேலை நிறுத்தி வைத்த வாரம்தான். ஆகவே தொழிலாளர்கள் சீட்டு பிடித்தார்கள். தெருவில், ஆலைப் பிரிவில், மாதா கோயிலில், சாராயக் கடையில்கூட வேக்ஸ் சீட்டு நடந்தது. வாரா வாரம் சில பென்னிகள். ஐம்பது வாரம் வயிற்றைக் கட்டி ஒரு வாரம் கடலைப் பார்த்தார்கள். சீட்டுக் கட்ட முடியாதவன் வெறிச்சோடிய தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தவனும் அடுத்த சம்பளம் வரும்வரை கடன் சொல்லித்தான் ரொட்டி வாங்கினான். பங்குனி நோம்பிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த அதே மெலிந்த கவர்!

சம்பளத்துடன் விடுமுறை என்பதற்கு பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது 1938-இல்தான். பஞ்சாலை தோன்றி நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1936-இல், பிரெஞ்சுத் தொழிலாளர்கள் வேறு வழியில் போனார்கள். மே, ஜூன் மாதங்களில் லட்சக்கணக்கான பேர் தொழிற்சாலைகளை விட்டு வெளியே வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். இயந்திரங்களுக்கு நடுவே அக்கார்டியன் வாசித்து ஆடினார்கள். வீட்டிலிருந்து பெண்கள் சாப்பாட்டுக் கூடையை மதில் மேல் ஏற்றிக் கொடுத்தார்கள். ஜூன் 20-ஆம் தேதி இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. அந்தக் கோடையிலேயே ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் தள்ளுபடி. கடலை முதன்முதலாகப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஓய்வுக்குப் பொறுப்பான துணை அமைச்சர் லியோ லக்ராஞ்சை, முதலாளிகளின் பத்திரிகைகள் சோம்பேறித்தனத்தின் மந்திரி என்று கேலி செய்தன. உழைக்கிறவன் ஓய்ந்திருந்தால் உழைக்காதவனுக்குத்தான் கோபம் அதிகம் வருகிறது!

நம் கதைக்கு வருவோம். 1923 மே முதல் தேதி தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இரண்டு இடங்களில் மே தினம் கொண்டாடினார். நல்ல அக்கினி வெயில் காலம். அன்றே வைத்த கோரிக்கைகளில் ஒன்று, மே தினத்தை விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் அது சம்பளத்துடன் கூடிய விடுமுறை ஆனது 1969-இல். நாற்பத்தாறு வருஷம்! சிங்காரவேலர் அதைப் பார்க்க இல்லை, 1946-இலேயே மறைந்துவிட்டார். இடையில் 1948-இல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வருஷத்தில் 240 நாள் வேலை செய்தால், இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள லீவு என்றது. இப்போது மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கியிருக்கும் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று, அந்த 240-ஐ 180 என்று குறைத்திருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்லுவோம். ஆனால் அதே கட்டுக்குள், வேலை நிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கயிறும் இருக்கிறது. லீவை ஒரு கையில் நீட்டி, லீவு வாங்கித் தந்த ஆயுதத்தை மறு கையால் பறிக்கிறார்கள்.

1958-இல் சென்னை ராஜ்யத்தில் இயற்றிய தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தை அடுத்துப் படியுங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள், இவற்றுடன் இன்னும் ஐந்து பண்டிகை நாள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். அல்லது சம்பளமும் கொடுத்து, மாற்று நாளும் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கிற பதிலித் தோழர்கள் கையைத் தூக்குங்கள், போன வருஷம் உங்களில் எத்தனை பேருக்கு இந்த நாட்களுக்குச் சம்பளம் வந்தது? ... சரி, கையை இறக்குங்கள். எண்ணுகிற வேலை எனக்கு மிச்சம்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டசபையிலேயே, பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் ஒரு திருத்தத்தை நிறைவேற்றினார்கள். இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன, தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள்; மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் நின்ற தகப்பன் எந்த ராட்டினத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான்?

இங்கே வந்திருக்க வேண்டிய சிலர் வரவில்லை. இந்த வட்டார நூற்பாலைகளின் விடுதிகளில் இருக்கும் இளம்பெண்கள். கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, மூன்று வருஷ ஒப்பந்தத்தில், 'சுமங்கலி' என்று அழகான பெயர் வைத்து ஆள் எடுத்தார்கள். பெயர் மாறினாலும் பூட்டிய கேட்டு பல இடங்களில் மாறவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பி, வேனிலேயே திருப்பிக் கொண்டுவருவது அவர்களுடைய குடும்ப விழா. நம் நோட்டீசை ஒரு விடுதி வாசலில் கொடுத்தோம். காவலர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மதிலுக்கு உள்ளிருந்து ஒரு பெண், "எத்தனை மணிக்கு அண்ணா?" என்று கேட்டாள். நேரத்தைச் சொன்னேன். அவளால் வர முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்த தோழர்கள் பத்துப் பதினைந்து பேர் அதோ வேப்ப மரத்தடியில் நிற்கிறார்கள். குடும்ப விழாவுக்குக் குடும்பத்தை ரயில் தூரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களை முன்னால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

விவசாயத் தொழிலாளர்களே, இவ்வளவு நேரம் ஆலைக் கதையே பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆலைத் தொழிலாளிக்குக் கோடையில் லீவு இல்லை. உங்களுக்கோ கோடையில் வேலையே இல்லை! அறுவடை முடிந்து, கிணறு வற்றி, காடு காய்ந்து கிடக்கும்போதுதான் ஊர் நோம்பி சாட்டுகிறது. தோட்டக்காரருக்கு விளைச்சல் பணம் கையில் இருக்கும் நேரம். உங்களுக்கு அடுப்பில் பூனை தூங்கும் நேரம். உங்கள் ஓய்வுக்குப் பெயர் பட்டினி. 2005-இல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது அதற்காகப் பாடுபட்டவர்களில் நாமும் உண்டு. அந்தக் கூலி வந்த பிறகுதான் எத்தனையோ வீடுகளில் நோம்பிக்குப் புதுத்துணி என்பதே வந்தது.

கூலி மட்டும் போதாது. எங்கள் ஊரில் கம்பம் நட்டுப் பதினைந்து நாள் சுற்றி ஆடுவார்கள். ஆட்டத்துக்குப் பறையடித்தவர்கள் சேரிக்காரர்கள். விடிய விடிய அடித்தார்கள். கம்பத்தைச் சுற்றி ஒரு காலடி எடுத்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. நோம்பி வரி வசூலிக்க வருகிறவர்கள் சேரி எல்லையோடு திரும்பிவிடுவார்கள். வரி வேண்டாம் என்றால் மிச்சம் என்று நினைக்காதீர்கள்! வரி வாங்காவிட்டால் பங்கு இல்லை, பேச்சு இல்லை, கோயில் வாசல் இல்லை என்று அர்த்தம். என்னோடு ஆலையில் ஒரே மெஷினில் நின்ற தோழர் ஊருக்குள் வந்தால் வேறு ஆள் ஆகிவிடுவார். ஆலைக்குள் 'தோழர்' என்று கூப்பிட்ட நானும் அந்தப் பதினைந்து நாள் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்திருக்கிறேன். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. சிவகங்கை ஜில்லா கண்டதேவியில் எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கேள்வியில் தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024 ஜூனில் கோர்ட்டு உத்தரவோடு, போலீஸ் பந்தோபஸ்தோடு ஓடியது. ஒரு கயிற்றைத் தொடுவதற்குக் கோர்ட்டு வேண்டியிருந்தது!

திண்ணைத் தோழர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். இந்த விழாவுக்கு எல்லா வீட்டிலும் வரி வாங்கினோம். மேட்டுத் தெருவில் வாங்கிய நோட்டிலேயே சேரியிலும் எழுதினோம். ஒரே நோட்டு, ஒரே தொகை, பத்து ரூபாய். அதற்காக இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். சாத்தட்டும். அடுத்த வருஷமும் தட்டுவோம்.

சமையலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இன்று பெண்கள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. காலை ஐந்து மணியிலிருந்து ஆண்கள்தான் சமைக்கிறார்கள். ஸ்பின்னிங் பிரிவுத் தோழர்கள் சோறு, விவசாயத் தோழர்கள் குழம்பு. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒரு அம்மா என்னிடம் புகார் செய்தார்கள். தாராளமாகப் புகார் செய்யுங்கள். ஆனால் எழுந்து போய்ச் சரிசெய்து விடாதீர்கள். சாப்பிட்ட பின் அண்டாக் கழுவும் பட்டியலும் ஒட்டியிருக்கிறது. அதில் என் பெயர் மூன்றாவது.

தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் இரண்டு மனுக்கள் மேசை மேல் இருக்கின்றன. ஒன்று, பதிலி, ஒப்பந்தத் தொழிலாளர் அனைவருக்கும் பண்டிகை நாள் சம்பளம் கேட்டு. இன்னொன்று, விடுதிப் பெண்களை வார விடுமுறை நாளில் தடையில்லாமல் வெளியே விட வேண்டும் என்று கேட்டு. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்த பிறகு கையெழுத்துப் போடட்டும், வாசிக்காமல் வேண்டாம். ஒடியா தெரிந்த தோழர் ஒருவர் அங்கே இருக்கிறார்.

நாலு மணிக்குக் கோணிப்பை ஓட்டம், முதலில் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஐந்து மணிக்குக் கபடி. மது அருந்திவிட்டு வருகிறவர்களுக்குக் களத்தில் இடமில்லை, அவர் எந்தச் சங்கத்துப் பொறுப்பாளராக இருந்தாலும் சரி. இருட்டிய பிறகு கும்மியும் ஒயிலும். பறையடிக்கிற தோழர்கள் இன்று அடித்துக்கொண்டே நிற்க வேண்டாம், முறை மாற்றிக்கொள்ள ஆலைப் பையன்கள் நாலு பேர் ஒரு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். எப்படி அடிப்பார்களோ, பார்ப்போம். ராட்டினக்காரரே, சுற்றுங்கள்!